எந்த அளவு முன்னால், எது அடைப்புக்குறிக்குள்?

மெட்ரிக் (மீட்டர், லிட்டர்), இம்பீரியல் (அடி, கஜம்) ஆகிய இரு முறைகளிலும் அளவுகள் வந்து சேரும் ஒரு தகவல் நூலுக்கு மூன்று வழிகள் உண்டு. மெட்ரிக்கை மட்டும் எழுதலாம். எங்கும் மெட்ரிக்கை முன்னால் வைத்து மற்றதை அடைப்புக்குறிக்குள் இடலாம். அல்லது மூல ஆவணம் எந்த அலகில் அளந்ததோ அதை முன்னால் வைத்து, கணக்கிட்டுப் பெற்றதை அடைப்புக்குறிக்குள் இடலாம். ஒரு கட்டுரைத் தொகுப்புக்கு எழுத்து நடை விதிகளை வகுக்க நேர்ந்தபோது நான் மூன்றாவதையே தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறிவியல் எழுத்துக்கு அது போதும். ஆனால் கால்பந்துக் கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர் என்று மட்டும் எழுதினால், இந்த எண்களை யார், ஏன் வகுத்தார்கள் என்று வாசகர் குழம்புவார். 8 கஜம், 8 அடி என்பதும் கூடவே இருந்தால் கேள்வியே எழாது.

இரண்டாவது வழிக்கு ஆதரவு அதிகம், அதற்கு நியாயமும் உண்டு. பக்கம் சீராகத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கக் கண் அலைய வேண்டாம். எழுதுபவர் ஒவ்வோர் இடத்திலும் நின்று யோசிக்கவும் வேண்டாம். ஒருமுறை அச்சேறியபின் யாரும் கை வைக்காத நூல் என்றால் நானும் ஒருவேளை அதையே எடுத்திருப்பேன்.

பலர் பல காலம் திருத்திக்கொண்டே இருக்கும் நூலில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை மன்றோ என்ற பட்டியலில் சேர்க்கிறார்கள். மெட்ரிக் முன்னால் வரும் விதிப்படி இது '914 மீட்டர் (3,000 அடி)' ஆகிறது. சில காலம் கழித்து ஒருவர், பொதுவான விளக்கத்துக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று 914-ஐ 900 ஆக்குகிறார். அடுத்து வருபவர் அடைப்புக்குறி பொருந்தவில்லையே என்று மறுபடி கணக்கிட்டு 2,953 அடி என்று திருத்துகிறார். இரண்டாமவரின் கணக்கில் பிழையே இல்லை. ஆயினும் பட்டியலின் வரையறை காணாமல் போய்விட்டது. '3,000 அடி (914 மீட்டர்)' என்று இருந்திருந்தால், முன்னால் நிற்கும் எண்ணைத் தொட வேண்டுமானால் மூலத்தைத் திறந்தாக வேண்டும் என்பதும், அடைப்புக்குறிக்குள் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் அழித்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்பதும் இருவருக்கும் தெரிந்திருக்கும்.

கொள்ளளவில் இது இன்னும் மோசமாகும். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். ஒரு பழைய வாகனத்தின் எரிபொருள் தொட்டி '45 லிட்டர்' என்று ஒரு பதிவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 10 பிரிட்டிஷ் கேலனிலிருந்து வந்திருக்கலாம், 12 அமெரிக்க கேலனிலிருந்தும் வந்திருக்கலாம்; இரண்டையும் முழு எண்ணாக்கினால் 45 லிட்டர்தான். பின்னால் வருபவர் அந்த ஒற்றை எண்ணிலிருந்து மூலத்தை மீட்கவே முடியாது. கேலன், டன் போன்றவை எந்த நாட்டு அளவு என்பதை எந்த முறையானாலும் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் மூல அலகு முன்னால் நிற்கும்போது அதை எழுதாமல் நகர்வது கடினம். (அலகுக் குழப்பம் என்றதும் எல்லோரும் 1999-இல் நாசா இழந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற செவ்வாய் விண்கலத்தை எடுத்து வைப்பார்கள். அங்கே ஒரு மென்பொருள் பவுண்டு-விசையில் தந்ததை இன்னொன்று மெட்ரிக் விசை அலகான நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்டது. எதை முன்னால் எழுதுவது என்ற நம் கேள்விக்கு அதில் விடை இல்லை.)

மூல அலகை முன்னால் வைப்பதன் விலை, பக்கத்தின் தோற்றம். எவரெஸ்ட் பற்றிய பதிவில் 1856-இல் அறிவிக்கப்பட்ட உயரம் '29,002 அடி (8,840 மீட்டர்)' என்றும், 2020-இல் சீனாவும் நேபாளமும் கூட்டாக அறிவித்தது '8,848.86 மீட்டர் (29,032 அடி)' என்றும் வரும். ஒரே பத்தியில் வரிசை புரண்டு கிடப்பது கண்ணை உறுத்தும். ஆயினும் முன்னால் நிற்பது அறிவித்த எண், பின்னால் நிற்பது கணக்கிட்ட எண் என்ற விதி இரண்டிலும் பிசகவில்லை. எனக்கு அந்தச் சீர்மையே போதுமானதாகத் தோன்றியது.

எந்த வழியானாலும் வெப்பநிலையில் தனிக் கவனம் தேவை. இயல்பான உடல் வெப்பம் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதைப் பார்த்தால் பத்தில் ஒரு டிகிரி வரை துல்லியமாக அளந்தது போலிருக்கும். உண்மையில் அது 37 டிகிரி செல்சியஸ் என்ற முழு எண்ணை மாற்றியதால் முளைத்த தசமம். '37 (98.6)' என்ற வரிசையில் எழுதினால் அந்தத் தசமத்தின் பிறப்பு தெரிந்துவிடும். மேலும், 2 டிகிரி செல்சியஸ் உயர்வு என்பது 3.6 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்வே ஒழிய 35.6 அன்று; தானாக மாற்றித் தரும் கருவிகளை நம்பி விட்டால் இரண்டாவதுதான் வந்து நிற்கும்.

அட்டவணைகளில் என் விதியை நானே தளர்த்தினேன். ஒரு நெடுவரிசையில் அலகு மாறி மாறி வந்தால் ஒப்பிடவே இயலாது. அங்கே மெட்ரிக் முன்னால், மூலம் அடியிலோ மைலிலோ இருந்த எண்களுக்கு மட்டும் ஓர் உடுக்குறி (*). மருந்தளவு, பொறியியல் வரைபடம் போன்றவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு. மருந்தளவில் இரண்டாவது எண்ணே இல்லாதிருப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறேன். கிரிக்கெட் விதிகளைப் போல, ஆடுகளத்தின் நீளத்தை 22 கஜம் என்றும் 20.12 மீட்டர் என்றும் மூலமே சேர்த்துத் தந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இந்த வழியில் நேரான விடை இல்லை. மூலத்தில் எது முதலில் அச்சாகியிருக்கிறதோ அதையே முன்னால் வைப்பது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.