கரப்பானுக்கு வைத்தியம் தேடி: செங்கல்பட்டு, தாம்பரம் அனுபவம்

லண்டனிலிருந்து ஊருக்குக் கிளம்பும் குடும்பத்தில் எக்ஸிமா (நம் ஊரில் கரப்பான் என்கிற தோல் நோய்) உள்ள பிள்ளை இருந்தால், பயணத் திட்டத்தில் சித்த வைத்தியமும் தானாகச் சேர்ந்துவிடும். எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கழுத்திலும் அரிப்பு. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓட ஆரம்பித்ததும் தோல் வறண்டு வெடிக்கும், இரவெல்லாம் சொறிவாள். ஜி.பி. (அங்கே குடும்ப டாக்டர்) எழுதித் தரும் மாய்ஸ்சரைசரும் ஸ்டீராய்டு களிம்பும் கேட்காமல் இல்லை. ஆனால் விட்டால் திரும்ப வருகிறது. தோல் நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். "இங்க கூட்டிட்டு வா, கரப்பானுக்கு நம்ம ஊர்லதான் மருந்து" என்று அம்மா போன் போட்டபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

செங்கல்பட்டில் எந்த மருந்தும் தொடங்கும் முன்பே அவள் தோலில் பொருக்கு குறைந்தது. காற்றில் ஈரப்பதம், கொஞ்சம் வெயில், ஹீட்டர் கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது. அதற்குப் பிறகு எந்த வைத்தியரிடம் போனாலும் அவருடைய மருந்துக்குப் பாதிப் பெயர் சும்மாவே கிடைத்துவிடும். வேர்வைதான் தொல்லை. மதியம் ஒருமுறை பச்சைத் தண்ணீர் ஊற்றி, துடைத்த கையோடு மாய்ஸ்சரைசர் தடவினால் அதுவும் அடங்கியது.

மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியத்தில் இறங்கினால், 2005இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் அதிகம். குழந்தை மருத்துவப் பிரிவில் இருந்த டாக்டரம்மா நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், முழங்கை மடிப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தூக்கம், மலச்சிக்கல், வீட்டில் யாருக்காவது இழுப்பு உண்டா என்று எல்லாம் கேட்டார். ஆஸ்துமாவும் எக்ஸிமாவும் ஒரே குடும்பத்தில் வருவது சகஜம் என்பதால் கடைசிக் கேள்வி எனக்குப் பிடித்தது. லண்டனில் பத்து நிமிடத்துக்கு மேல் எந்த டாக்டரும் எங்களோடு உட்கார்ந்ததில்லை. பூசுவதற்கு அருகன் தைலம், உள்ளுக்குப் பறங்கிப்பட்டைச் சூரணம். காசு வாங்கவில்லை. "இதுல பாதரசம், கந்தகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டதற்குக் கோபப்படாமல், இரண்டு மருந்திலும் என்னென்ன சேர்கிறது என்று சொன்னார். "ஸ்டீராய்டு களிம்பைத் திடீர்னு நிறுத்திடாதீங்க" என்றும் சேர்த்துச் சொன்னார்.

அடுத்தது சொந்தக்காரர் ஒருவர் கைகாட்டிய பரம்பரை வைத்தியர். வாசலில் செருப்புக் குவியல். பிள்ளையை ஒருமுறை பார்த்ததும் வெள்ளை டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். திறந்தால் வழவழவென்ற வெண்ணிறக் களிம்பு, பச்சிலை வாசனையே இல்லை. டப்பாவில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. "ஐயா, இதுல என்ன சேர்த்திருக்கீங்க?" என்றேன். "அது தொழில் ரகசியம் தம்பி. மூணு நாள்ல பாருங்க." அந்த மூன்று நாள்தான் எனக்கு உதைத்தது; ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகம். பர்மிங்காமில் பெற்றோர்கள் எக்ஸிமாவுக்கு வாங்கிப் பூசிய 24 மூலிகைக் களிம்புகளை ஆய்வாளர்கள் சோதித்து, முடிவை 2003இல் வெளியிட்டார்கள். 20இல் ஸ்டீராய்டு இருந்தது. களிம்பை வாங்காமல் வந்தோம். சொந்தக்காரருக்கு இன்றும் வருத்தம்.

இது நாட்டு வைத்தியத்தின் குறை மட்டும் இல்லை. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் மாய்ஸ்சரைசர் கேட்டால், கையை எட்டிப் பார்த்துவிட்டு வேறொரு ட்யூபைத் தள்ளினார்கள். பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன். வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, எல்லாம் ஒரே ட்யூபில்! 2018லேயே 14 வகை ஸ்டீராய்டுகள் உள்ள களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு மருந்து விதிகளைத் திருத்தியது. கவுண்டரில் அதற்கு அடையாளமே இல்லை. இதை மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலிந்து சிவந்துபோகும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் வீட்டில் சண்டை. கத்தரிக்காய், கருவாடு, இறால், சோளம், நிலக்கடலை எல்லாம் ஆகாது என்று அம்மாவிடம் ஒரு பட்டியல். பால், முட்டையையும் அவர் சேர்த்துக்கொண்டார். கத்தரிக்காயும் கருவாடும் என் மகள் எப்படியும் தொடமாட்டாள், அதில் உடனே ஒத்துக்கொண்டேன். பால், முட்டையில் விட்டுக்கொடுக்கவில்லை. அவளுக்கு அவற்றால் எந்தக் கேடும் வந்ததில்லை. காரணமில்லாமல் நிறுத்தினால் வளரும் பிள்ளைக்குச் சத்துதான் போகும். நிலக்கடலை கதை இன்னும் வேடிக்கை. கடும் எக்ஸிமா அல்லது முட்டை அலர்ஜி உள்ள கைக்குழந்தைகளுக்குக் கடலை உணவை ஒதுக்காமல், சீக்கிரமே கொடுத்துப் பழக்கியபோது கடலை அலர்ஜி வெகுவாகக் குறைந்தது என்று 2015இல் லண்டன் ஆய்வே காட்டியது. (அலர்ஜி ஏற்கெனவே இருக்கும் பிள்ளைக்கு இது பொருந்தாது, டாக்டரைக் கேட்காமல் முயல வேண்டாம்.) வேப்பிலை போட்ட வெந்நீரும் ஊற்றிப் பார்த்தோம். வெடித்த இடத்தில் எரிந்து அழுதாள், அதோடு விட்டோம். தேங்காய் எண்ணெய் நன்றாகவே ஒத்துப்போனது. கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் வேண்டாம், இரண்டும் தோலின் மேற்படலத்தைக் கெடுக்கும்.

திரும்பும்முன் திருவான்மியூர் இம்ப்காப்ஸில் சீல் வைத்த தைலம் வாங்கிக்கொண்டேன். 1944இல் வைத்தியர்களே சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு மருந்தகம் அது. எந்தக் கடையில் வாங்கினாலும் லைசென்ஸ் எண், பேட்ச் எண், சேர்மானம் மூன்றும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பாலிதீன் பையில் போடுங்கள். இல்லாவிட்டால் பெட்டியில் உள்ள துணியெல்லாம் தைலக் குளியல்தான்.

லண்டன் வந்ததும் ஜி.பி.யிடம் பாட்டிலைக் காட்டினோம். லேபிளைப் படித்துவிட்டு, வெடித்த இடத்தைத் தவிர மற்ற இடத்தில் தடவலாம் என்றார். சூரணம் வேண்டாம் என்றார், அதை நிறுத்திவிட்டோம். ஹீட்டர் போடும் காலம் இன்னும் வரவில்லை.