.40 கிளாக்கில் 9 எம்.எம். பேரலா, .357 சிக் பேரலா, இல்லை தனித் துப்பாக்கியே வாங்கிவிடலாமா?

என்னிடம் இருப்பது கிளாக் 23 என்ற கைத்துப்பாக்கி. காலிபர், அதாவது தோட்டாவின் அளவு, .40 (அங்குலத்தில்). டெக்சாஸில் ஒரு கடையில், போலீஸ் துறையிலிருந்து திரும்பி வந்த பழைய துப்பாக்கிகளோடு கிடந்ததை வாங்கினேன். உறையில் உரசி உரசி, மேலே முன்பின் நகரும் ஸ்லைடின் ஓரத்தில் கறுப்பு வெளுத்திருந்தது. உள்ளே குண்டு பாயும் குழலான பேரல் புதிது போல இருந்தது. இதே அளவில் 9 எம்.எம். சுடும் புதிய கிளாக் 19-இன் விலையோடு ஒப்பிட்டால் நன்றாகவே மலிவு.

அந்த மலிவுக்கு ஒரு கதை உண்டு. 1986-இல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இறந்தார்கள். 9 எம்.எம். தோட்டா போதவில்லை என்று முடிவு செய்து எஃப்.பி.ஐ. 10 எம்.எம்.முக்குப் போனது. அது கையில் பலமாக உதைத்தது. அந்தத் தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் குட்டையாக்கி 1990-இல் வந்ததுதான் .40. அமெரிக்கப் போலீஸ் துறைகள் பலவும் அதை எடுத்துக்கொண்டன. பிறகு 9 எம்.எம். தோட்டாக்கள் நன்றாகத் தேறிவிட்டதால், 2010-களின் நடுவில் எஃப்.பி.ஐ.யே பழைய இடத்துக்குத் திரும்பியது. மற்ற துறைகளும் பின்னாலேயே வர, .40 துப்பாக்கிகள் கடைகளில் குவிந்தன.

துப்பாக்கி மலிவாகக் கிடைத்தது, தோட்டாதான் மலிவில்லை. நான் வாங்கும் கடையில் 9 எம்.எம். ஒன்றுக்குச் சுமார் 25 சென்ட், .40-க்கு 35 சென்ட். மாதம் 200 தோட்டா சுடுகிறவனுக்கு அந்தப் பத்து சென்ட் சின்ன விஷயமில்லை. அதனால்தான் பேரல் மாற்றும் யோசனையே வந்தது.

மாற்றுவது எளிது. தோட்டா நிரப்பும் மேகசினைக் கழற்றி, பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பர் காலிதான் என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு ஸ்லைடைக் கழற்றினால் ஸ்பிரிங், பேரல் இரண்டும் கையோடு வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி வரிசை எண் உள்ள பிரேம், அதாவது கைப்பிடியுள்ள அடிப்பாகம்தான் ‘துப்பாக்கி’. பேரல் வெறும் உதிரிபாகம். டெக்சாஸில் அது தபாலிலேயே வீட்டுக்கு வரும். உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: இது .40-லிருந்து கீழே இறங்கும் வழி. 9 எம்.எம். கிளாக்கை .40 ஆக்க முடியாது, அதன் ஸ்லைடு முகப்பில் .40 தோட்டாவின் அடி உட்காராது.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. தனியாக ஒரு கிளாக் 19 வாங்குவது, .357 சிக் என்ற இன்னொரு தோட்டாவுக்கான பேரல், 9 எம்.எம். பேரல்.

கிளாக் 19 பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கையில் பணம் இருந்தால் அதுதான் தலைவலி இல்லாத வழி. ஆனால் புதிது வாங்க 500 டாலருக்கு மேல் ஆகும். பழைய .40-ஐ விற்று அதில் போடலாம் என்றால், எல்லாரும் விற்றுக்கொண்டிருக்கும் சரக்குக்கு யார் விலை கொடுப்பார்கள்?

பேரல்கள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இணையத்தில் ‘மாட்டினால் வேலை செய்யும்’ என்று இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றில்லை.

தோட்டாவைக் குப்புறக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். .40-இன் அடிவிளிம்பு சுமார் 10.8 மில்லிமீட்டர். .357 சிக்கின் அடியும் அதே அளவுதான். 1994-இல் அதை உருவாக்கும்போது .40-இன் அடியை அப்படியே வைத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் குறுக்கிப் புட்டி போலச் செய்தார்கள். 9 எம்.எம். தோட்டாவின் அடியோ சுமார் 10 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் அந்த விளிம்பைத்தான் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி பிடித்து இழுக்கிறது. இழுத்து வந்த கூட்டின் அடியை இன்னொரு பக்கத்திலிருந்து எஜெக்டர் தட்டினால்தான் அது வெளியே பறக்கும். .40-க்காக வெட்டிய முகப்பில் 9 எம்.எம். கூடு பெரிய செருப்புக்குள் சின்னக் கால் போலத் தளர்வாக உட்காருகிறது. கொக்கியின் பிடி குறைகிறது, தட்டும் இடமும் கொஞ்சம் தள்ளிப் போகிறது. இதற்கு மேல், .40 ஸ்லைடு கனமானது. மென்மையான 9 எம்.எம். தோட்டா அதை வேகமாகப் பின்னுக்குத் தள்ளுவதில்லை.

இது எனக்குப் படித்துத் தெரியவில்லை, நெற்றியில் பட்டுத்தான் தெரிந்தது. முதல் நாள் சுட்டுப் பழகும் ரேஞ்சில் 115 கிரெய்ன் (குண்டின் எடை) மலிவுத் தோட்டாக்களைப் போட்டுச் சுட்டேன். காலிக் கூடுகள் வலப்பக்கம் பறக்காமல் நேராக என் முகத்துக்கு வந்தன. ஒன்று கண்ணாடிக்கு மேலே பட்டுச் சட்டைக் காலருக்குள் இறங்கியது. அப்போதுதான் சுட்ட கூடு, நல்ல சூடு. சுடுகிறவர் அந்த நேரத்தில் உதறிக்கொண்டு திரும்பினால் துப்பாக்கியின் வாய் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். ஐம்பதில் மூன்று கூடுகள் வெளியேறாமல் ஸ்லைடுக்கு நடுவே நிமிர்ந்து மாட்டிக்கொண்டன. அன்று .40 மேகசினிலேயே 9 எம்.எம். தோட்டாவைப் போட்டிருந்தேன். இரண்டு முறை தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகாமல் நின்றது.

சரிசெய்ய மூன்று காரியம் செய்தேன். கிளாக் 19 மேகசின்கள் வாங்கினேன். கிளாக் 23-இல் அவை அப்படியே பொருந்தும், வாய்ப்பகுதி 9 எம்.எம். அளவுக்கு இருக்கும். டிரிக்கர் பொறியைத் தாங்கும் ஹவுசிங்கை 9 எம்.எம். எஜெக்டர் உள்ளதாக மாற்றினேன். அப்புறம் 115-ஐ விட்டுச் சற்றே பலமான 124 கிரெய்ன் தோட்டாவுக்கு மாறினேன். அதற்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேல் சுட்டிருக்கிறேன். மாட்டியது இரண்டே முறை. கூடுகள் இப்போது வலப்பக்கம் ஆறேழு அடி தள்ளி விழுகின்றன.

.357 சிக் பேரலில் இந்தப் பாடு எதுவும் இல்லை. நண்பர் ஒருவர் தன் .357 சிக் துப்பாக்கியான கிளாக் 32-இன் பேரலை ஒரு வாரம் கொடுத்தார். கிளாக் நிறுவனமே செய்த பேரல், என் ஸ்லைடில் சிக்கென்று உட்கார்ந்தது. அதே மேகசின், அதே எக்ஸ்ட்ராக்டர், அதே எஜெக்டர். புட்டிக் கழுத்துத் தோட்டா என்பதால் சேம்பருக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. மூன்று பெட்டி சுட்டேன், ஒருமுறைகூட நிற்கவில்லை. மூன்று பெட்டியை வைத்து முழுத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் இயந்திரப் பொருத்தத்தில் இதுதான் மேல். டெக்சாஸ் மாநிலப் போலீஸார் பல ஆண்டுகள் இந்தக் காலிபரைத்தான் இடுப்பில் வைத்திருந்தார்கள்.

பிறகு ஏன் நான் அதை வாங்கவில்லை? ஒரு பெட்டியின் விலை 9 எம்.எம். போல இரு மடங்கு. பல கடைகளில் இருப்பே இல்லை. மூடிய ரேஞ்சில் சுட்டால் அந்தச் சத்தமும் வாயிலிருந்து கிளம்பும் நெருப்பும் பக்கத்துத் தடத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். இத்தனைக்கும் உள்ளே இருக்கும் குண்டு 9 எம்.எம்.மின் அதே விட்டம்தான், வேகம்தான் கூட. எனக்கு வேண்டியது நிறையச் சுட்டுக் கை பழகுவது. அதற்கு 9 எம்.எம். பேரல்தான். உதை குறைந்ததும் டிரிக்கரை அவசரமாக இழுக்கும் என் பழக்கம் எனக்கே தெளிவாகத் தெரிந்தது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பேரல் 140 டாலர், மூன்று மேகசின்கள் 75, ஹவுசிங் 15. மொத்தம் 230. தோட்டாவுக்குப் பத்து சென்ட் மிச்சம் என்றால் 2,300 தோட்டா சுட்ட பிறகுதான் போட்ட பணம் திரும்பும். என் வேகத்தில் கிட்டத்தட்ட ஒரு வருடம். மாதம் ஒரு பெட்டி மட்டும் சுடுகிறவர் இதைத் தொடவே வேண்டாம், .40-ஐயே சுட்டுக்கொண்டிருக்கலாம். வார்த்த ஈயக் குண்டு சுடுகிறவர்களுக்கு வேறொரு லாபம் உண்டு: கிளாக்கின் பழைய பேரல்களின் உட்சுவரில் சுழன்று ஓடும் பலகோணப் புரியில் ஈயம் படியும் என்று அந்த நிறுவனமே வேண்டாம் என்கிறது. வெளியார் செய்யும் பேரல்களில் பெரும்பாலும் வழக்கமான வெட்டுப் புரிதான்.

வாங்குகிறவர்கள் ஒன்றில் மட்டும் அலட்சியம் காட்டக் கூடாது. 9 எம்.எம். தோட்டா தவறுதலாக .40 பேரலுக்குள் போனால், எக்ஸ்ட்ராக்டரின் பிடியிலேயே நின்று வெடித்தும் விடும். கூடு உப்பிப் பிளந்துவிடும். அதனால் என் 9 எம்.எம். மேகசின்களின் அடியில் நீல டேப் ஒட்டியிருக்கிறேன். பைக்குள் ஒரு நேரத்தில் ஒரு காலிபர்தான். பேரலின் மேல்பக்கத்தில் பொறித்த அளவை ஸ்லைடின் ஜன்னல் வழியாகப் படித்த பிறகே முதல் மேகசின் ஏறும்.

வீட்டுப் பாதுகாப்புக்கு இந்த 9 எம்.எம். அமைப்பை வைப்பதில்லை. ஆயிரத்தில் இரண்டு என்பது பயிற்சிக்குப் பரவாயில்லை, இரவு இரண்டு மணிக்குக் கதவு உடையும்போது ஆகாது. அதற்கு .40-தான், அதன் சொந்தப் பேரலோடும் சொந்த ஹவுசிங்கோடும். ரேஞ்சை விட்டுக் கிளம்புமுன் இரண்டையும் திருப்பி மாட்டி, கடைசிப் பத்துத் தோட்டாவை .40-இல் சுட்டுப் பார்த்துவிடுகிறேன். குறியும் மாறியிருக்கும்: 9 எம்.எம். என் கையில் 15 கஜத்தில் ஓர் அங்குலம் தாழப் படுகிறது. அந்தப் பத்தில் கண் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.