காற்று கம்ப்ரஸர்: பானெட்டுக்குள்ளா, பின்தொட்டியிலா?

சிறுமலை அடிவாரத்துக் கரட்டுப் பாதைகளில் ஏறுவதற்காக டயர்க் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைப்பவர்கள், தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் நிரப்பியாக வேண்டும் என்பதால், கம்ப்ரஸரை வண்டியிலேயே பொருத்திக்கொள்வது நல்லது. பானெட்டுக்குள் பொருத்தினால் பேட்டரி அருகிலேயே இருப்பதால் ஒயரின் நீளமும் மின்னழுத்த இழப்பும் குறையும். ஆனால் கோடையில் 40 டிகிரியைத் தொடும் மதுரையில், எஞ்சின் சூடும் சேர்ந்துகொள்ள, நான்காவது டயர் நிரம்புவதற்குள் வெப்பக் காப்பு சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடக்கூடும். பிக்கப் வண்டியின் சரக்கு ஏற்றும் பின்தொட்டியில் அந்தச் சூடு இல்லை. அங்கே புழுதிதான் எதிரி. காற்று வடிகட்டியை உயரத்தில் வைத்து, தடித்த ஒயரைப் பேட்டரியருகே ஃபியூஸ் போட்டு இழுக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு நான் பின்தொட்டியையே பரிந்துரைப்பேன். ஓடை கடக்கும் வண்டியானால், தொட்டித் தரையிலிருந்து நன்கு உயர்த்தியே பொருத்த வேண்டும்.