கான்கூனில் எங்கே சாப்பிடுவது: மணல்தீவா, நகரமா, படகுத்துறையா?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். மெக்சிகோவின் கான்கூன் நகரத்துக்குள் இருக்கும் மெர்க்காதோ 23 என்ற சிறிய சந்தையில், ஒரு கடைக்காரர் பெரிய அலுமினியப் பாத்திரத்தின் மேல் போர்த்தியிருந்த வாழையிலையை விலக்கினார். இரவெல்லாம் வெந்ததில் இலை பழுப்பேறியிருந்தது. உள்ளே செம்மஞ்சள் நிறக் குழம்பில் பன்றி இறைச்சி, பெயர் கொச்சினிதா பிபில். கரண்டியின் முதுகால் அழுத்தியதும் நார்நாராகப் பிரிந்தது. இரண்டு மக்காச்சோள ரொட்டிகளைச் சூடுகாட்டி, இறைச்சியை வைத்து, மேலே ஊறிய சிவப்பு வெங்காயத்தைத் தூவிக் கையில் கொடுத்தார். பதினோரு மணிக்கு வந்த ஒருவருக்குப் பாத்திரத்தின் அடியில் கிடந்த குழம்புதான் மிஞ்சியது.

அதற்கு முந்தைய இரவு, நான் தங்கியிருந்த விடுதியின் பஃபேயிலும் இதே பெயரில் ஒரு தட்டு இருந்தது. இரவு ஒன்பது மணி, சூட்டு விளக்கின் கீழே காய்ந்துபோன இறைச்சி, பக்கத்தில் இத்தாலியப் பாஸ்தா. பெயர்ப் பலகை மட்டும் சரியாக இருந்தது. அன்றிலிருந்து கான்கூனில் எங்கே சாப்பிடலாம் என்று யார் கேட்டாலும், எந்த வேளைக்கு என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறேன். கான்கூன் இருக்கும் யுகடான் தீபகற்பத்தின் சமையல் கடிகாரத்தைப் பார்த்து நடப்பது. காலைக்குரியது காலையில், மதியத்துக்குரியது மதியத்தில், இரவுக்குரியது இரவில். மணல்தீவு, நகரம், படகுத்துறை என்று அங்கே இருக்கும் மூன்று தேர்வுகளையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு. கான்கூன் தானாக வளர்ந்த ஊர் கிடையாது. மெக்சிகோ அரசு திட்டமிட்டு, 1970இல் வேலையைத் தொடங்கியது; 1974இல் முதல் ஹோட்டல்கள் திறந்தன. அதே ஆண்டில்தான் கான்கூன் இருக்கும் கின்டானா ரூ தனி மாநிலமானது. ஹோட்டல்கள் எல்லாம் ஏழு என்ற எண்ணைப்போல வளைந்த ஒரு நீண்ட மணல்தீவில் இருக்கின்றன. நீளம் இருபது கிலோமீட்டருக்கு மேல். ஒரு பக்கம் கரீபியக் கடல், மறுபக்கம் நிச்சுப்தே காயல். அந்த ஹோட்டல்களைக் கட்டவும் நடத்தவும் வந்தவர்களுக்காக நிலப்பகுதியில் எண்ணிட்ட வட்டாரங்களாக நகரத்தைப் போட்டார்கள். யுகடான் கிராமங்களிலிருந்து வந்த மாயா பழங்குடிக் குடும்பங்கள் தங்கள் அடுப்பையும் கூடவே கொண்டுவந்தன. 2020 கணக்கெடுப்பின்படி அந்த நகரத்தில் ஏறக்குறைய ஒன்பது லட்சம் பேர். விருந்தாளிகளில் பெரும்பாலோர் தீவைவிட்டு வெளியே வராமலேயே விமானம் ஏறிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

தீவு ஹோட்டல்களின், அறையும் சாப்பாடும் எல்லாம் அடங்கிய கட்டணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். அதன்பிறகு சாப்பாடு, பானம் எதற்கும் காசு கேட்கமாட்டார்கள். இந்தியாவிலிருந்து ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து, தூக்கம் கெட்டு, சிறு குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் இறங்குகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. குழந்தைக்குச் சாதம் கிடைக்கும், எந்த நேரத்திலும் பழம் கிடைக்கும். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: காசை முன்கூட்டியே கட்டிவிட்டோம் என்ற நினைப்பு நம் கால்களைக் கட்டிப்போடுகிறது. வெளியே போய்ச் சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் நஷ்டமாகத் தெரிகிறது. நான்கு நாளுக்கு மேல் தங்குவதாக இருந்தால் அறை வாடகையை மட்டும் கட்டுங்கள். காலை உணவைக்கூடச் சேர்க்க வேண்டாம், ஏனென்றால் இந்த ஊரின் மிகச் சிறந்த சாப்பாடு காலைச் சாப்பாடுதான்.

அடுத்து, தீவிலேயே தனியாக இயங்கும் உணவகங்கள். தீவு நெடுக ஓடும் குகுல்கான் சாலையில் முகவரியே கிலோமீட்டரில்தான்: ஒன்பதாவது கிலோமீட்டர் என்றால் இரவுக் கேளிக்கைகளின் இடம், பன்னிரண்டைத் தாண்டினால் வணிக வளாகம் என்று பேசிக்கொள்வார்கள். இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கடலோர மேசைதான் உயர்ந்தது என்று நினைத்து, இரவுக்கு அங்கே முன்பதிவு செய்கிறார்கள். கான்கூனின் கடற்கரையில் பெரும்பகுதி கிழக்கு நோக்கியது. பொழுது சாய்ந்த பிறகு அங்கே இருட்டும் அலைச் சத்தமும்தான். சூரியன் மறைவது காயல் பக்கம். தண்ணீர் செம்பு நிறமாக மாறி, எதிர்க்கரைச் சதுப்புக் காடு கருநிழலாகும் அந்த அரைமணி நேரத்துக்காகக் காயலோர மேசைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம், தவறில்லை. கின்டானா ரூ மாநிலத்தின் கடிகாரம் பக்கத்து யுகடான் மாநிலத் தலைநகர் மெரிதாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் டிசம்பரில் ஆறு மணியளவிலும் ஜூனில் ஏழரை மணியளவிலும் சூரியன் மறையும். அதற்கு அரைமணி முன்னதாகப் போய் உட்காருங்கள்.

காயலோர உணவகங்களின் பெருமை மாட்டிறைச்சித் துண்டும் சிங்கி இறாலும். சிங்கி இறால் பிடிக்க மெக்சிகோவின் கரீபியக் கரையில் மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை தடை. அந்த மாதங்களில் தட்டில் வருவது பனிப்பெட்டியிலிருந்து வந்ததாகவே இருக்கும், விலை மட்டும் இறங்கியிருக்காது. ஜூலை முதல் போகிறவர்கள் தாராளமாகக் கேட்கலாம். ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை ஆக்டோபஸ் பருவம். அது மலிவு, புதிது, என் நாக்குக்குச் சிங்கியைவிடச் சுவை.

தீவில் விலைப்பட்டியல் டாலரில் நீட்டப்பட்டால் பெசோ பட்டியலைக் கேளுங்கள். அட்டையைத் தேய்க்கும் கருவி எந்த நாணயம் என்று கேட்டால் பெசோவையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் கை வைத்துவிடுவார்கள். பட்டியலில் போட்ட விலையில் 16 சதவீத வரி ஏற்கெனவே சேர்ந்திருக்க வேண்டும். அன்பளிப்பு பத்து முதல் பதினைந்து சதவீதம் வழக்கம். சட்டப்படி அது கட்டாயம் இல்லை. பில்லில் சேவைக் கட்டணம் என்று ஏற்கெனவே ஒரு தொகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள். ஒரு முறை நான் பார்க்காமல் இரண்டு தடவை கொடுத்துவிட்டு வந்தேன். இன்னொன்று, நீங்கள் கேட்காமல் பில் வராது. அது அலட்சியம் கிடையாது. சாப்பிட்டு முடித்தவரை எழுப்புவது அங்கே மரியாதைக் குறைவு.

இனி நகரம். ஆர் 1, ஆர் 2 என்று முன்கண்ணாடியில் எழுதிய பஸ்கள் தீவிலிருந்து நகரத்துக்கு ஓயாமல் ஓடுகின்றன. மெர்க்காதோ 28 பெரியது, பெயர்பெற்றது. சுற்றிலும் நினைவுப் பொருள் கடைகள், நடு முற்றத்தில் சாப்பாட்டுக் கடைகள். கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைப்பார்கள். சாப்பிட மட்டும் போகிறவர்களுக்கு மெர்க்காதோ 23 போதும். கோழி, காய்கறி, பூஜைப் பொருள், பக்கத்திலேயே நாலைந்து அடுப்பு.

காலையில் கொச்சினிதா பிபில். பிபில் என்ற சொல்லின் வேர் ‘பிப்’. மாயா மொழியில் மண்ணுக்குள் தோண்டிய அடுப்பு. அச்சியோட்டே என்ற செந்நிற விதையின் விழுதையும் நம் நாரத்தையை நினைவூட்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றையும் இறைச்சியில் தடவி, வாழையிலையில் பொதிந்து, இரவு முழுக்க மண்ணடுப்பில் விட்டு விடியற்காலையில் எடுப்பார்கள். அதனால்தான் அது காலைச் சாப்பாடு ஆனது, ஞாயிற்றுக்கிழமையோடு ஒட்டிக்கொண்டது. பன்றியும் வாழையும் ஆரஞ்சும் கடல் கடந்து வந்தவை; அடுப்பும் விதையும் சோளமும் அந்த மண்ணுக்குரியவை. கூடவே ஒரு கிண்ணத்தில் ஷ்னிபெக் வரும்: ஹபனேரோ மிளகாய், வெங்காயம், தக்காளி, புளிப்பு ஆரஞ்சு. மாயா மொழியில் ‘நாயின் மூக்கு’ என்று பொருள். சாப்பிட்டால் மூக்கு அப்படி ஈரமாகிவிடும். நாம் காரம் தின்று வளர்ந்தவர்கள்தானே என்று கரண்டியால் அள்ள வேண்டாம். ஹபனேரோவின் காரம் நம் மிளகாயைப்போல முன்னால் வந்து அடிக்காது. சற்றுத் தாமதித்து வந்து தொண்டையில் தங்கும்.

திங்கட்கிழமை என்றால் கருப்பு அவரையில் வேகவைத்த பன்றி இறைச்சி. யுகடான் வீடுகளில் திங்களுக்கு அதுதான் என்பது எழுதாத சட்டம். நகரத்து எளிய மதியச் சாப்பாட்டுக் கடைகளிலும் அன்று அதைக் கேட்டுப் பார்க்கலாம். இருட்டிய பிறகு பனுச்சோவும் சல்பூத்தும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவுதான் இரண்டுக்கும். பனுச்சோவின் ரொட்டியை நடுவில் கீறி, உள்ளே கருப்பு அவரை விழுதை அடைத்துப் பொரிக்கிறார்கள். சல்பூத் எதுவும் அடைக்காமல் பூரிபோல உப்பி வரும். இரண்டின் மேலும் கிள்ளிப்போட்ட கோழி அல்லது வான்கோழி, ஊறிய வெங்காயம், அவகாடோ. எனக்கு எப்போதும் பனுச்சோதான். அவரையின் மண்வாசனை பொரித்த விளிம்போடு சேரும் இடம் சல்பூத்தில் இல்லை.

நகரத்தில் மேசைவிரிப்பு போட்ட இடம் வேண்டுமென்றால் 1977 முதல் இருக்கும் லா ஆபிச்சுவேலா. பார்க்கே தே லாஸ் பலாப்பாஸ் சதுக்கத்தை ஒட்டியது. சிங்கி இறாலையும் இறாலையும் கறிமசாலாச் சாறில் சமைத்துத் தேங்காய்க்குள் வைத்துக் கொடுக்கும் அவர்களுடைய தட்டு பெயர்பெற்றது. மசாலா மென்மையானது, நம் வீட்டு இறால் குழம்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள், தனியாக ரசியுங்கள்.

மூன்றாவது தேர்வைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. நகரத்துக்கு வடக்கே புவெர்தோ ஹுவாரெஸ். கான்கூன் என்ற நகரம் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கும் மீனவர் குடியிருப்பு. இஸ்லா முஹேரெஸ் தீவுக்குப் படகு ஏறும் இடமும் அதுதான். மீன் என்று வந்துவிட்டால் மற்ற இரண்டும் இதன் முன் நிற்க முடியாது. முழு மீனைப் பிளந்து, அச்சியோட்டேயும் புளிப்பு ஆரஞ்சும் பூசி, வாழையிலை மேல் தணலில் வாட்டும் டிக்கின் ஷிக்கை இங்கே கேளுங்கள். எலுமிச்சைச் சாற்றில் பச்சை மீனை ஊறவைத்த செவிச்சேயும் கேளுங்கள். மெக்சிகோவில் மீன் பகல் சாப்பாடு. இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் போய்விட வேண்டும். இருட்டியபின் போனால் பல கடைகளில் நாற்காலியைக் கவிழ்த்துவிட்டிருப்பார்கள். படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவசரமாகச் சாப்பிடும் இடமாக இதை வைக்காமல், இதற்கென்றே ஒரு மதியத்தை ஒதுக்குங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வந்து சேரும், ஏனென்றால் அங்கே இறைச்சி என்ற சொல் பலருக்கு மாட்டையும் பன்றியையும் மட்டுமே குறிக்கும். ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் மந்தேக்கா’ என்று நான்கையும் சொல்லுங்கள். கடைசிச் சொல் பன்றிக் கொழுப்பு. அவரை விழுதில் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அதுதான். எலுமிச்சை சூப்பின் அடிப்படையும் கோழிச் சாறு. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் பப்பாட்சுல் இருக்கிறது: பூசணி விதைச் சாறில் தோய்த்த ரொட்டிக்குள் அவித்த முட்டை, மேலே தக்காளிச் சாறு. முட்டையும் வேண்டாமா, வறுத்த பூசணி விதையையும் சுட்ட தக்காளியையும் சேர்த்து அரைத்த சிக்கில் பாக். எள்ளுத் துவையல் பிடித்த யாருக்கும் அது பிடிக்கும். இந்த இரண்டையும் பஃபேயில் தேடி எனக்குக் கிடைக்கவில்லை, நகரத்தில்தான் கிடைத்தன.

ஐந்து நாளுக்கு நான் பிரித்துக்கொடுப்பதென்றால்: காலை எல்லாமே நகரத்துச் சந்தையில், இரண்டு மதியம் புவெர்தோ ஹுவாரெஸில், ஒரே ஒரு மாலை காயலோரத்தில், மற்ற இரவுகள் பலாப்பாஸ் சதுக்கத்தில்.

அந்தச் சதுக்கத்து இரவுக்காக வயிற்றில் கொஞ்சம் இடம் வையுங்கள். தள்ளுவண்டியில் இரண்டு வட்ட இரும்புத் தகடுகளுக்கு நடுவில் மாவை ஊற்றி அழுத்துகிறார்கள். மெல்லிய தோசைபோல முறுகுகிறது. ஈரம் போவதற்குள் உருண்டை டச்சு சீஸைக் கைநிறையத் துருவிப் போட்டு, மேலே ஆட்டுப்பாலில் காய்ச்சிய இனிப்புப் பாகை விட்டுச் சுருட்டினால் மார்க்கேசீத்தா. உப்பும் இனிப்பும் ஒன்றாக நொறுங்கும். நான் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் இருந்தவர் ஹோட்டல் சீருடையோடு, சட்டைப்பையில் பெயர் அட்டையோடு நின்றார். வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருக்கிறார். தன் பங்கை வாங்கிக்கொண்டு திரும்பியவர் என்னைப் பார்த்து ‘ப்ரொவேச்சோ’ என்றார். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று முகம் தெரியாதவருக்கும் அங்கே சொல்வார்கள். பிறகு கல்பெஞ்சில் காத்திருந்த மகளிடம் போய், பாதியை உடைத்துக் கொடுத்தார்.