என் வயிற்றை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை: லைபோசக்‌ஷனுக்குப் போகிறவர்களுக்கு

லைபோசக்‌ஷன் (தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டு பதினோரு மாதம் ஆகிறது. தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு பள்ளம். அதற்குக் கீழே, தடவினால் விரலில் தட்டுப்படும் மேடு. வலப்பக்க இடுப்பில் உள்ளங்கை அளவு தோலில் இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. எதைக் குறைக்கப் போனேனோ அந்த வயிறோ அப்படியேதான் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. கிளினிக்கின் பெயரை இங்கே போடப் போவதில்லை. ஆனால் இந்த அறுவை சிகிச்சைக்கு யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவராவது இதைப் படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் வயிறு உள்ளே போகவே இல்லை. எடை பெரிதாக ஒன்றும் அதிகமில்லை. நடந்தேன், சாப்பாட்டைக் குறைத்தேன், முகமும் கையும்தான் மெலிந்தன. “எத்தனை மாதம்?” என்று தெரியாத ஒருவர் கேட்ட அன்று இரவு, ஒரு விளம்பரத்தில் என் எண்ணைப் பதிந்தேன். மறுநாள் காலையிலேயே அழைத்துவிட்டார்கள்.

நேரில் போனபோது என்னிடம் பேசியவர் ‘ஆலோசகர்’. வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் மருத்துவர் என்றே நினைத்தேன். அவர் மருத்துவரில்லை என்பது பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது. உடையோடு நிற்க வைத்து போனில் இரண்டு படம் எடுத்தார். “வயிறு, இடுப்பு, முதுகு மூன்றையும் சேர்த்துச் செய்தால்தான் மேடம் ஷேப் வரும், சர்க்கரை வரும் பயமும் போய்விடும்” என்றார். அன்றைக்கே முன்பணம் கட்டினால் சலுகை உண்டு, மறுநாள் கிடையாது என்றார். கட்டிவிட்டேன்.

சர்ஜனை முதன்முதலில் பார்த்தது அறுவை நாள் காலையில்தான். என் மேல் பேனாவால் கோடு போட வந்தார், ஐந்து நிமிடம் இருந்திருப்பார். நிற்க வைத்துக் கோடு போடுவது சரியான முறைதான், அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அதற்கு முன் ஒரு நாளாவது என்னைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பரிசோதனை எவ்வளவு சின்னது என்று ஏழு மாதம் கழித்து, வேறொரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் போனபோதுதான் புரிந்தது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கச் சொன்னார். தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் விரல்களை வைத்தார். மூன்று விரல் அகலத்துக்கு உள்ளே இறங்கியது. கர்ப்பத்தின்போது வயிற்றின் முன்பக்கத்து இரண்டு நேர்த்தசைகளும் விலகி, பிறகு ஒன்றுசேராமலே இருந்திருக்கின்றன. ‘டயஸ்டாசிஸ்’ என்றார். கொழுப்பை எவ்வளவு உறிஞ்சினாலும் தசை சேராது. அதற்கு முறையான உடற்பயிற்சி வேண்டும், அல்லது தசையை இழுத்துத் தைக்கும் ‘டம்மி டக்’ என்ற வேறு அறுவை சிகிச்சை வேண்டும். ஒரு நிமிடத்தில் தெரிந்துபோகும் விஷயம் இது. இதைத் தெரிந்துகொள்ளாமலே என்னை மயக்கத்தில் ஆழ்த்தி, உடம்பில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆறாததும் இதனால்தான்.

பிறகு அவர் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினார். அப்படிக் கிள்ளும்போது கையில் வருகிறதே, அதுதான் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு. லைபோசக்‌ஷன் எடுப்பது அதை மட்டும்தான். தொப்பை கெட்டியாக இருந்து கையில் கிள்ள வராவிட்டால், கொழுப்பு பெரும்பாலும் குடலைச் சுற்றி உள்ளே இருக்கிறது என்று பொருள். அந்த இடத்துக்குக் குழாய் போகவே கூடாது. வயிற்றுச் சுவரைத் தாண்டினால் குடல் கிழியலாம், உயிருக்கே ஆபத்து. என் வயிற்றில் எடுப்பதற்கு அதிகம் இருந்திருக்காது என்றும், இருந்த கொஞ்சத்தைத் தோலுக்கு மிக அருகிலும் ஒரே சீராக இல்லாமலும் உறிஞ்சியதால்தான் பள்ளமும் மேடும் வந்தன என்றும் சொன்னார். தோல் தளர்ந்தவர்களுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை எடுத்தால் மேலே இன்னும் தொங்கும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

சர்க்கரை பற்றிச் சொன்னதும் பொய். 2004-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. பருமனான 15 பெண்களுக்கு வயிற்றில் லைபோசக்‌ஷன் செய்து, சராசரியாக 9, 10 கிலோ கொழுப்பை எடுத்திருக்கிறார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால் இன்சுலின் வேலை செய்யும் விதத்திலோ ரத்த அழுத்தத்திலோ ரத்தக் கொழுப்பிலோ முன்னேற்றம் எதுவும் இல்லை. இது உடம்பின் வடிவத்தைத் திருத்தும் சிகிச்சை மட்டுமே. எடையைக் குறைக்கவும் நோயைத் தடுக்கவும் இதை நம்பிப் போகாதீர்கள்.

அறுவைக்கு முன் யாரும் கேட்காத இன்னொன்றும் இருக்கிறது. அப்போது நான் கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரைகளில் பல, காலில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். அறுவை சிகிச்சையும் கூட்டும். இரண்டும் சேர்ந்து, உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பிரின், வலி மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, புகைப்பழக்கம் என்று எல்லாவற்றையும் மருத்துவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன். உறிஞ்சுவதற்கு முன் கொழுப்புக்குள் உப்புநீரை ஏற்றுவார்கள். அதில் மரத்துப்போக லிடோகெய்னும், ரத்தக்கசிவைக் குறைக்க அட்ரினலினும் கலந்திருக்கும். சாதாரண ஊசியில் உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராமோடு நிறுத்தும் லிடோகெய்னை, இந்த முறையில் நீர்த்துக் கலப்பதால் 35 மில்லிகிராம் வரைகூட ஏற்றுகிறார்கள். அது கொழுப்பிலிருந்து மெதுவாகத்தான் ரத்தத்தில் இறங்கும். உச்ச அளவை எட்டவே பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். என்னையோ சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நள்ளிரவில் காது இரைந்தது, நாக்கு மரத்தது, தலை சுற்றியது. மயக்க மருந்தின் அசதி என்று நினைத்துப் படுத்துக்கொண்டேன். லிடோகெய்ன் அதிகமானால் இப்படித்தான் தொடங்கும், அடுத்தது வலிப்பாகவும் இருக்கலாம் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கணவர் அப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருப்பார். விடிந்தபோது சரியாகிவிட்டது. நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

“நிறைய எடுத்திருக்கிறோம்” என்று என் கணவரிடம் சொல்லி அனுப்பினார்களாம். எவ்வளவு என்று சொல்லவில்லை. அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம், வெளியே எடுப்பது 5 லிட்டரைத் தாண்டினால் நோயாளியை இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்கிறது. கொழுப்பும் ஏற்றிய நீரும் சேர்ந்த கணக்கு அது. ஆகவே “எனக்கு அதிகபட்சம் எவ்வளவு எடுப்பீர்கள், அன்றிரவு நான் எங்கே இருப்பேன், மயக்கம் கொடுப்பவர் யார், ஏதாவது ஆனால் எந்த மருத்துவமனை” என்று முதல் நாளே கேளுங்கள். பதிலைச் சர்ஜனே சொல்ல வேண்டும். ஆலோசகர் முந்திக்கொண்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காம் நாள் நடந்தால் வயிற்றுக்குள் தண்ணீர் தளும்புவது போல இருந்தது. கிளினிக்குக்கு அழைத்தேன். எடுத்தது அதே ஆலோசகர்தான். “அது நார்மல் மேடம், போட்டோ அனுப்புங்க, பெல்ட்டை இறுக்கிப் போடுங்க” என்றார். சர்ஜன் ஒருமுறைகூட லைனுக்கு வரவில்லை. அக்காதான் கையைப் பிடித்து வேறு மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். தோலுக்கு அடியில் நீர் கோத்திருந்தது. இரண்டு வாரத்தில் மூன்று முறை ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள். வீக்கம் சில வாரம் இருப்பதும், அழுத்த உடையை வாரக்கணக்கில் போடுவதும், முழு வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆவதும் இயல்புதான். ஆனால் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காய்ச்சலோடு தோல் சிவந்து பரவினாலோ, வயிற்று வலி நேரம் ஆக ஆகக் கூடினாலோ போட்டோ அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

ஐந்தாம் மாதம் பள்ளத்தைக் காட்டப் போனேன். நான் டயட்டில் இல்லாததுதான் காரணம் என்றார்கள். ஒப்புதல் படிவத்தில் நான் கையெழுத்திட்ட வரியைக் காட்டினார்கள். மயக்கம் கொடுக்கப் போகும் நேரத்தில் நீட்டிய படிவம் அது. பிறகு, இன்னொரு தடவை செய்தால் சரியாகும், பாதிப் பணம் போதும் என்றார்கள். அதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே தழும்புத் திசு இறுகியிருக்கும்போது மறுபடி குழாயை விட்டால் இன்னும் கெடும், குறைந்தது ஒரு வருடம் போகட்டும் என்றார் ஏழாம் மாதம் நான் பார்த்த அந்தப் பிளாஸ்டிக் சர்ஜன்.

அந்த ஒரு வருடம் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்க என் அறுவைக் குறிப்பு வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். எத்தனை லிட்டர் ஏற்றினார்கள், எவ்வளவு எடுத்தார்கள், எந்தெந்த இடத்தில் என்பது அதில் இருக்கும். கிளினிக் கொடுத்தது ஒரே ஒரு பக்கம். அதில் என் பெயரும் தேதியும் மாத்திரைகளும் மட்டும்தான். முழுக் குறிப்பைக் கேட்டு மூன்றாவது கடிதத்தை நேற்று பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.