கத்திரி வெயிலும் இரண்டரை மில்லி மருந்தும்

2024 மே மாதம் லண்டனிலிருந்து வந்து வேலூரில் கழித்த மூன்று வாரத்தைப் பற்றிக் கேட்பவர்களிடம், தங்கை மகளின் திருமணத்தைவிட ஒரு கண் சொட்டு மருந்தைப் பற்றியே அதிகம் பேசிக்கொண்டிருக்கிறேன். கண் நீரழுத்த நோய்க்காக (கிளாக்கோமா) ஆறு ஆண்டுகளாக இரவுதோறும் லாட்டனோபிராஸ்ட் ஒரு சொட்டு விட்டுக்கொள்கிறேன்; 27-இல் இருந்த கண் அழுத்தம் 18-க்கு இறங்கி நிற்பது அதனால்தான். வலி ஏதும் இல்லாத நோய் என்பதால் ஓரிரு நாள் விட்டால் என்ன என்று தோன்றும், ஆனால் கண் நரம்பு கெட்டு இழந்த பார்வை திரும்புவதில்லை.

திறந்த குப்பியை 25 பாகைக்கு மேல் வைக்கக் கூடாது என்பதை அறிந்திருந்தும், கோட்டைக்கு எதிரே நிறுத்திய வாடகைக் காரிலேயே கத்திரி வெயிலில் அதை மறந்துவிட்டுப் போனது என் தவறு. அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பல்ல.

புதுக் குப்பி வாங்க முதலில் நுழைந்த மருந்துக் கடையில், மருத்துவர் சீட்டைக் கேட்காமலே ஓர் இளைஞர் திறந்த அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். பிரிக்காத மருந்தை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும் என்று அந்தப் பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. சுட்டிக்காட்டியதற்கு, "ஒண்ணும் ஆகாது சார், எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். பெயரை மீண்டும் படித்தபோதுதான் அதில் டிமோலால் என்ற இன்னொரு கண் அழுத்த மருந்தும் கலந்திருப்பது தெரிந்தது. சிறு வயதிலிருந்து இழுப்பு (ஆஸ்துமா) உள்ள எனக்கு டிமோலால் மூச்சை அடைத்துவிடும் என்று லண்டன் மருத்துவர் முதல் நாளே எச்சரித்திருந்தார். லண்டனில் சீட்டில்லாமல் இம்மருந்தைத் தொடக்கூட முடியாது. அந்தக் கெடுபிடியை ஆண்டுக்கணக்காகத் திட்டி வந்த நான், அன்றுதான் அதற்காக ஏங்கினேன்.

காட்பாடி சாலையில் ஏறியிறங்கிய நான்காவது கடையில், என் தந்தை காலத்துக் கம்பவுண்டர்களை நினைவூட்டும் ஒரு பெரியவர் இருந்தார். சீட்டை வாங்கி இருமுறை படித்தார், "இழுப்பு, இதயத் துடிப்புக் குறைவு ஏதாவது இருக்கா தம்பி?" என்று கேட்டார், பிறகே குளிர்பெட்டியைத் திறந்தார். மின்சாரம் போகும் நேரத்துக்கென்று அதற்குத் தனியாக இன்வெர்ட்டர் வைத்திருந்தார். லண்டனில் சீட்டுக்கு நான் கட்டும் 9.90 பவுண்டைவிடக் குறைவாகவே விலை வந்தது.

சொட்டு விட்டதும் கண்ணை மூடி மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது என்றும் சொன்னார். லண்டனில் அதைத் துண்டுத்தாளில் அச்சடித்துத் தந்தார்கள். ஒருவர் வாயால் சொல்லிக் கேட்டது அன்றுதான். பனிக்கட்டியைப் பால் கவரில் போட்டு, அதோடு பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். சத்துவாச்சாரி வந்து சேர்வதற்குள் பனிக்கட்டி கரைந்துவிட்டது. திறக்கும் தேதியை எழுதிக்கொள்ள அவர் பேனாவால் போட்டுத் தந்த கட்டம் மட்டும் சற்றே மை கசிந்து அட்டையில் இருந்தது.