விருதுக் காலத்துக்கு ஏற்ற மூபி

சிறந்த சர்வதேசத் திரைப்படத்துக்கான ஆஸ்கர் போட்டியில், டிசம்பரில் 15 ஆக இருக்கும் பட்டியல் ஜனவரியில் 5 ஆகச் சுருங்கும்போது, அப்படங்களை எங்கே பார்ப்பது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த நம்பகமான விடை மூபி. 2019 முதல் இந்தியாவில் இயங்கும் இந்த ஓடிடி தளத்தில், சினிமா அறிந்தவர்களே படங்களைத் தேர்ந்தெடுப்பதால், தேடுவதிலேயே பொழுது கரைவதில்லை.

2022இல் ஆஸ்கர் வென்ற ஜப்பானியப் படமான 'டிரைவ் மை கார்' இங்கே வெளியானது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் அப்படத்தில், கலைஞர்களின் பெயர்கள் திரையில் தோன்றவே சுமார் 40 நிமிடங்கள் ஆகின்றன; அதற்குள் நாயகனின் மனைவியை நன்கு அறிந்துவிடுகிற நாம், அவள் இறந்த பிறகு சிவப்புக் காருக்குள் ஒலிநாடாவில் அவள் குரல் ஒலிக்கும்போதெல்லாம் கணவனின் இழப்பை நம்முடையதாகவே உணர்கிறோம். கைப்பேசியில் துண்டு துண்டாகப் பார்த்தால் இது வாய்க்காது.

அடுத்த ஆண்டு இறுதி ஐந்தில் இடம்பெறாத கொரியப் படமான 'டிசிஷன் டு லீவ்' படமும் இங்கே வந்தது. அதை விட்டது தேர்வாளர்களின் பிழை என்றே கருதுகிறேன்.

பரிந்துரை பெறும் எல்லாப் படங்களும் இங்கே கிடைப்பதில்லை. கிடைப்பவையும் உரிமக் காலம் முடிந்தால் நீங்கிவிடும். ஆகவே, விரும்பிய படத்தைத் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுங்கள்.